காந்தி கண்ணாடி உங்கள் முகத்துக்குப் பொருந்துமா? தாம்பரம் வெயிலில் ஒரு கூலிங் கிளாஸ் உலா!

ஞாயிற்றுக்கிழமை, மாலை 4 மணி. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கால் வைக்க இடமில்லை. ரயில் நிலையத்திலிருந்து வெளியே வரும் கூட்டம், துணிக்கடைக்குள் நுழையும் கூட்டம், காய்கறி பேரம் பேசும் கூட்டம் என மூன்றும் ஒன்றாகக் கலந்து நகர்கின்றன. நடுவில் ஓர் இடத்தில், தள்ளுவண்டி மேல் நிறுத்திய பலகையில் வரிசை வரிசையாகக் கூலிங் கிளாஸ்கள். வெயில் பட்டு அத்தனையும் மினுமினுக்கின்றன.

வண்டிக்கு முன்னால் ஓர் அப்பாவும் மகளும் நிற்கிறார்கள். மகள் வட்ட ஃபிரேம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்புகிறார்.

``அப்பா, எப்படிப்பா இருக்கு?''

``காந்தித் தாத்தா மாதிரி இருக்கும்மா!''

``போங்கப்பா... இதுதான் இப்போ டிரெண்டு.''

``எடுத்துக்கம்மா, உன் முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. 150 ரூபாதான்'' என்கிறார் கடைக்காரர்.

அப்பா விடவில்லை. ``தம்பி, இவ வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகுது. சேலையூர்ல இருந்து சோழிங்கநல்லூருக்கு தினமும் ஸ்கூட்டர்ல போறா. வெயில்ல கண்ணு கூசுதுன்னு சொல்றா. இதைப் போட்டா கூசாதா?''

``கறுப்பாத்தானே சார் இருக்கு. கூசாது!''

அந்தக் கடைசி பதிலில்தான் விஷயமே இருக்கிறது. கறுப்பாக இருந்தால் போதுமா? வட்டம் எந்த முகத்துக்குப் பொருந்தும்? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கண்ணாடி, அந்த முகம் தினமும் போகிற சாலைக்குப் பொருந்துமா?

எல்லாக் கண்ணாடியும் முதலில் வட்டம்தான்!

வட்டக் கண்ணாடி இன்றைய டிரெண்டு இல்லை. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக்கண்ணாடி உருவானபோதே லென்ஸ் வட்டமாகத்தான் இருந்தது. இன்றும் ஆப்டிகல்ஸ் கடைக்குப் பட்டறையிலிருந்து வந்து சேரும் லென்ஸ், ஒரு சின்னத் தட்டு போல வட்டமாகத்தான் வரும். அதைத்தான் நாம் தேர்ந்தெடுத்த ஃபிரேமின் அளவுக்குச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டிப் பொருத்துகிறார்கள்.

நம் ஊரில் இந்த வடிவத்துக்குப் பெயரே `காந்தி கண்ணாடி'. பர்ஸைத் திறந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் வட்டக் கண்ணாடியோடு காந்தி சிரிப்பார். 2016-க்குப் பிறகு வந்த புதிய வரிசை நோட்டு என்றால், பின்பக்கத்திலும் தூய்மை இந்தியா இயக்கத்தின் சின்னமாக அதே கண்ணாடி இருக்கும். காந்தி அணிந்ததாகச் சொல்லப்படும் ஒரு ஜோடி வட்டக் கண்ணாடி, 2020 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2,60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. 1960-களில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் அணிந்த பிறகு, அதே வட்டம் உலகம் முழுக்க இளைஞர்களின் அடையாளமாக மாறியது. எளிமையின் அடையாளமும் அதுதான், ஸ்டைலின் அடையாளமும் அதுதான்!

இதற்கு எதிர்முனையில் இருப்பது, கண்ணீர்த் துளி வடிவில் இருக்கும் ஏவியேட்டர். விமானிகளுக்காக உருவாகி 1930-களில் கடைகளுக்கு வந்த வடிவம் அது. விமானப்படையின் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில்தான் இருக்கிறது. கிழக்குத் தாம்பரத்துக்காரர்களுக்குத் தலைக்கு மேல் பயிற்சி விமானம் வட்டமடிப்பது பழகிப்போன காட்சி.

முதலில் முகம்: பாத்ரூம் கண்ணாடியும் ஒரு துண்டு சோப்பும்

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சின்ன வேலை. தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, பாத்ரூம் கண்ணாடிக்கு நேராக அசையாமல் நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் முகத்தின் ஓரத்தைச் சோப்பால் கோடாக வரையுங்கள். விலகி நின்று பார்த்தால் உங்கள் முகத்தின் வடிவம் தெரிந்துவிடும்.

சதுர முகம்: அகன்ற நெற்றி, பட்டையான தாடை. வட்டக் கண்ணாடிக்கென்றே அமைந்த முகம் இது. தாடையின் கூர்மையை வட்டம் மென்மையாக்கிக் காட்டும்.

முட்டை வடிவ முகம்: எந்தக் கண்ணாடியும் பொருந்தும். ஃபிரேமின் அகலம் முகத்தின் அகலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நீள முகம்: சின்ன வட்டம் முகத்தை இன்னும் நீளமாகக் காட்டும். பெரிய வட்டம், கொஞ்சம் தடித்த விளிம்பு எடுத்தால் நீளம் குறைந்ததுபோல் தோன்றும்.

இதய வடிவ முகம்: நெற்றி அகலம், முகவாய் குறுகல். மெல்லிய கம்பி விளிம்புள்ள நடுத்தர வட்டம் அழகு. மேல் விளிம்பு தடித்த ஃபிரேம் நெற்றியை இன்னும் அகலமாக்கும்.

வட்ட முகம்: வட்டத்தின் மேல் வட்டம் வைத்தால் கன்னம் இன்னும் உப்பித் தெரியும். `எனக்கு வட்டம்தான் வேண்டும்' என்பவர்கள், மேல்பக்கம் மட்டும் சற்றுத் தட்டையான வட்டத்தையோ, ஆறு பட்டை வைத்த ஃபிரேமையோ போட்டுப் பார்க்கலாம். இரண்டு லென்ஸுக்கும் நடுவில் இரட்டைக் கம்பி இருந்தாலும் முகத்துக்கு ஒரு நேர்க்கோடு கிடைக்கும்.

இதெல்லாம் சட்டம் இல்லை, வழிகாட்டி மட்டும்தான். காந்தி எந்தப் பட்டியலையும் பார்த்துக் கண்ணாடி வாங்கவில்லை!

பட்டியலில் இல்லாத சில விஷயங்கள் நம் வீடுகளுக்கு உண்டு. பெரிய பொட்டு வைப்பவர்களுக்கு இரட்டைக் கம்பி ஃபிரேம் பொட்டோடு முட்டிக்கொண்டு நிற்பதுபோல் தெரியும். ஒற்றைக் கம்பியே லட்சணம். பட்டுப்புடவைக்கும் வேட்டி சட்டைக்கும் தங்க நிற மெல்லிய கம்பி பொருந்தும். ஜீன்ஸ், டி-ஷர்ட்டுக்குத் தடித்த கறுப்பு அல்லது ஆமை ஓட்டு நிற ஃபிரேம் எடுப்பாக இருக்கும். ஹிஜாப் அணிபவர்களும் ஹெல்மெட் போடுபவர்களும் காது வளைவு அதிகம் இல்லாத, நேரான மெல்லிய காம்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தடித்த காம்பு என்றால் அரை மணி நேரத்தில் பொட்டில் அழுத்தி வலி கொடுத்துவிடும்.

அப்புறம் சாலை: வெயில் எந்தப் பக்கம் வருகிறது?

சண்முகம் சாலை மகளின் கதைக்கு வருவோம். சேலையூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும் பாதை கிட்டத்தட்ட நேர் கிழக்கே போகிறது. காலையில் வேலைக்குக் கிளம்பினால் சூரியன் நேர் எதிரில். மாலை வீடு திரும்பும்போது மேற்கே வர வேண்டும். அப்போதும் சூரியன் நேர் எதிரில்தான். இந்தப் பக்கம் குடியிருந்து ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவர்களுக்கு நாளில் இரண்டு முறையும் வெயில் முகத்துக்கு நேரே வருகிறது. முன்னால் போகும் காரின் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் வேறு. எதிரே சிக்னல் சிவப்பா, பச்சையா என்று கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருக்கும்.

ஜி.எஸ்.டி. சாலையிலும் அதை ஒட்டிச் செல்லும் மின்சார ரயிலிலும் கதை வேறு. 1931-ல் கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, தாம்பரத்துக்காரர்களின் வாழ்க்கை அந்தத் தண்டவாளத்தோடு பிணைந்தது. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று அந்தப் பாதை வடகிழக்கே சாய்ந்து செல்கிறது. காலையில் கிண்டிப் பக்கம் போகும்போது, வண்டி போகும் திசையைப் பார்த்து அமர்ந்தால் வெயில் வலப்பக்க ஜன்னலில் அடிக்கும். மாலையில் திரும்பும்போது வண்டியின் திசையும் மாறியிருக்கும், சூரியனின் திசையும் மாறியிருக்கும். ஆகவே, அப்போதும் வெயில் வலப்பக்கம்தான்!

வட்டக் கண்ணாடி வாங்குபவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். காந்தி கண்ணாடி போன்ற சின்ன வட்டம், எதிரில் வரும் வெளிச்சத்தைத் தடுக்கும். ஆனால், அதன் ஓரத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும். பக்கவாட்டில் வரும் வெயில் அந்த வழியாக நேராகக் கண்ணுக்குள் வந்துவிடும். ஜி.எஸ்.டி. சாலையில் பைக்கில் போகிறவர்களும் ரயில் ஜன்னலோரக்காரர்களும் பெரிய வட்டத்தையோ, பக்கவாட்டில் சின்ன மறைப்பு வைத்த வட்ட ஃபிரேமையோ எடுப்பது புத்திசாலித்தனம்.

அளவு பார்ப்பது சுலபம். காம்பின் உட்பக்கத்தில் 50-21-145 என்பதுபோல மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்கின் மேல் உட்காரும் பகுதியின் அகலம், மூன்றாவது காம்பின் நீளம்; எல்லாம் மில்லிமீட்டரில். வட்டக் கண்ணாடியில் முதல் எண் 47 அல்லது அதற்குக் கீழே என்றால் சின்னது, 50-ஐ ஒட்டி இருந்தால் நடுத்தரம், 53-ம் அதற்கு மேலும் பெரியது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு வேறு, பாதுகாப்பு வேறு!

`கறுப்பாத்தானே இருக்கு' என்ற பதிலுக்கு வருவோம். வெயிலில் கண்ணைக் கூசவைப்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். கண்ணைக் கெடுப்பதில் பெரும் பங்கு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிருக்கு. சென்னையில் கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 11-க்கு மேல் என்றால் `மிகத் தீவிரம்' என்று பொருள். ஆண்டுக்கணக்கில் அந்தக் கதிர் கண்ணில் பட்டால், கண்புரை சீக்கிரம் வரும் வாய்ப்பு கூடுகிறது. வெயிலிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு வெள்ளை விழியிலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளர்வதற்கும் இது ஒரு காரணம்.

சாயம் மட்டும் பூசிய கறுப்புக் கண்ணாடியில் ஓர் ஆபத்து உண்டு. இருட்டாக இருப்பதால் கண்ணின் பாப்பா அகலமாக விரியும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தன்மை அந்த லென்ஸுக்கு இல்லாவிட்டால், விரிந்த பாப்பா வழியாக அந்தக் கதிர் கூடுதலாக உள்ளே போகும். நல்ல பாதுகாப்புள்ள லென்ஸ் ஏறக்குறைய நிறமே இல்லாமலும் இருக்கலாம். கறுப்பின் அளவைப் பார்த்துப் பாதுகாப்பைக் கணிக்கவே முடியாது.

அதனால், `யு.வி. 400' என்று குறிப்பிட்ட கண்ணாடியா என்று கேளுங்கள். ஸ்டிக்கரை மட்டும் நம்பவும் வேண்டாம். பல ஆப்டிகல்ஸ் கடைகளில் இதைச் சோதிக்கும் சின்னக் கருவி இருக்கிறது. `கொஞ்சம் செக் பண்ணிச் சொல்லுங்க' என்றால் அரை நிமிட வேலை. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கண்ணாடிகளையும் கொண்டுபோய்க் காட்டலாம்.

`போலரைஸ்டு' என்பது வேறு சங்கதி. அது சாலையிலும் கார் கண்ணாடியிலும் ஏரித் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும் பளபளப்பைக் குறைக்கும். எதிர் வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய உதவி. உண்மையானதா என்று பார்க்க, செல்போன் திரையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டால் அது போலரைஸ்டு. இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் திரையும் மேப் காட்டும் செல்போனும் சில கோணங்களில் மங்கலாகத் தெரியலாம். வாங்கும் முன் உங்கள் வண்டித் திரையைப் பார்த்துவிடுங்கள்.

லென்ஸின் நிறத்திலும் கவனம் தேவை. சாம்பல் நிறம், பொருள்களின் நிறத்தை அப்படியே காட்டும். பிரவுன், மேடு பள்ளத்தைத் துல்லியமாக்கும். மரநிழலும் வெயிலும் மாறி மாறி வரும் கிறிஸ்தவக் கல்லூரி வளாகம் போன்ற இடங்களுக்கு ஏற்றது. வட்ட ஃபிரேமில் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று வரும் லென்ஸ்கள் போட்டோவுக்கு அழகுதான். வண்டி ஓட்டும்போது அவை வேண்டாம், சிக்னலின் நிறமே மாறிவிடும். லென்ஸின் இருட்டை 0 முதல் 4 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். பகல் வெயிலுக்கு 3 சரி. 4 என்பது பனிமலைக்கு. அதைப் போட்டு வண்டி ஓட்டவே கூடாது. இருட்டிய பிறகு எந்தக் கூலிங் கிளாஸும் வேண்டாம்.

பவர் உள்ளவர்களுக்கு வட்டம் செய்யும் நன்மையும் ஒரு தொல்லையும்

கிட்டப்பார்வைக்கு அதிக மைனஸ் பவர் போடுபவர்களுக்குச் சின்ன வட்டம் ஒரு வரம். அந்த லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். ஃபிரேம் சின்னதானால் தடித்த ஓரம் வெட்டுப்பட்டுப் போய்விடும். `சோடாபுட்டி' என்ற கிண்டலிலிருந்து பாதி விடுதலை!

தொல்லை, சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு. அந்தப் பவரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால்தான் பார்வை சரியாக இருக்கும். சதுர லென்ஸ் ஃபிரேமுக்குள் சுழலாது. முழு வட்டமான லென்ஸ், திருகு தளர்ந்தால் துடைக்கும்போதே சற்றுச் சுழன்றுவிடும். திடீரென்று தலைவலியோ மங்கலோ வந்தால், பவர் மாறிவிட்டது என்று முடிவுகட்டும் முன் லென்ஸ் திரும்பியிருக்கிறதா என்று கடையில் காட்டுங்கள்.

வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் போட்டவர்கள் காருக்குள் ஏமாந்துபோவார்கள். அது கறுக்கப் புற ஊதாக் கதிர் வேண்டும். காரின் முன்கண்ணாடி அதைப் பெருமளவு தடுத்துவிடுவதால் லென்ஸ் வெளுத்தே இருக்கும்.

பல்லாவரம் சந்தை முதல் வண்டலூர் வரை

வித்தியாசமான பழைய ஃபிரேம் வேண்டும் என்று தேடுபவர்கள் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகலாம். பூச்செடியிலிருந்து பழைய கேமரா, கைக்கடிகாரம் வரை பரப்பி வைத்திருக்கும் சந்தை அது. அந்தக் காலத்துக் கம்பி ஃபிரேம் கண்ணில் பட்டால், மூன்றைப் பாருங்கள்: கீல் இறுக்கமாக இருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா, மூக்குத் தாங்கியை மாற்ற முடியுமா? லென்ஸை மட்டும் ஆப்டிகல்ஸ் கடையில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். நம் ஊர் வியர்வை உப்பு, மலிவான உலோகப் பூச்சைச் சீக்கிரம் உரித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் அலசித் துடைத்து வைத்தால் ஆயுள் கூடும்.

தெருவோரத்திலோ சந்தையிலோ போட்டுப் பார்க்கும் முன் காம்பையும் மூக்குத் தாங்கியையும் துடைத்துக்கொள்ளுங்கள். `மெட்ராஸ் ஐ' பரவும் காலத்தில் இது கட்டாயம். மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. அவர் கண்ணைத் தொட்ட கை, கைக்குட்டை, அவர் போட்ட கண்ணாடி வழியாகத்தான் அது பரவுகிறது.

விடுமுறை நாளில் குழந்தைகளோடு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகிறவர்கள், வாசலில் அவர்களுக்குப் பொம்மைக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது வழக்கம். குழந்தைகளின் கண் லென்ஸ் பெரியவர்களைவிடத் தெளிவானது. அதனால் புற ஊதாக் கதிர் அவர்கள் கண்ணில் அதிக ஆழம் வரை போகும். கறுப்புப் பிளாஸ்டிக் பொம்மையைவிட ஒரு தொப்பி மேல். கண்ணாடிதான் வேண்டும் என்றால், உடையாத பாலிகார்பனேட் லென்ஸில், யு.வி. பாதுகாப்போடு வாங்குங்கள். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த தாத்தா, பாட்டிக்கு ஸ்டைலான சின்ன வட்டம் வேண்டாம். மருத்துவர் கொடுத்த, பக்கமும் மறைக்கும் கண்ணாடியை அவர் சொல்லும் நாள் வரை போட்டிருக்கட்டும்.

கடைக்குள் பார்க்காதீர்கள், வாசலில் பாருங்கள்!

சண்முகம் சாலையில் தள்ளுவண்டியை விட்டு நகர்ந்த அப்பாவும் மகளும், அடுத்து ஓர் ஆப்டிகல்ஸ் கடைக்குள் நுழைகிறார்கள். நாலைந்து வட்டங்கள் மேசைக்கு வருகின்றன. மகள் முதலில் சிரித்துப் பார்க்கிறார். கன்னம் ஃபிரேமைத் தூக்கவில்லை. குனிந்து நிமிர்கிறார், மூக்கிலிருந்து வழுக்கவில்லை. புருவம் ஃபிரேமுக்கு மேலே தெரிகிறது. கண், லென்ஸின் நடுவில் இருக்கிறது. கடைக்காரர் கருவியில் வைத்து யு.வி. சோதித்துக் காட்டுகிறார்.

``கொஞ்சம் வெளியில போய்ப் பார்க்கலாமா அண்ணா?''

``தாராளமா பாரும்மா.''

வாசலுக்கு வந்து, மேற்கே சாய்ந்திருக்கும் வெயிலை நோக்கி நிற்கிறார். 50 அளவு, சாம்பல் நிற லென்ஸ், மெல்லிய தங்கக் கம்பி. ஹெல்மெட்டையும் மாட்டி, அதற்குள் காம்பைச் செருகிப் பார்க்கிறார். விலை, தள்ளுவண்டிக்காரர் சொன்னதைப்போல எட்டு மடங்கு. அப்பா ஒரு நொடி யோசிக்கிறார். பிறகு பர்ஸைத் திறக்கிறார்.

``நாளைக்குக் காலையில கேம்ப் ரோடு சிக்னல் தெளிவாத் தெரிஞ்சா சரி.''

பர்ஸிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு 500 ரூபாய் நோட்டிலும் காந்தி வட்டக் கண்ணாடியோடு சிரிக்கிறார். மகளும் சிரிக்கிறார். ``பார்த்தீங்களாப்பா... இப்போ அவர்தான் என்னை மாதிரி இருக்கார்!''